கல்லு மாதிரி காத்து

காத்தைக் கொறைக்கணுமா? என்ன அண்ணாச்சி சொல்லுதிய? பஞ்சர் ஒட்ட வந்த இடத்துல, ஒட்டி முடிச்சிட்டு மத்த மூணு டயர்லயும் காத்தைப் பிடுங்கி விடச் சொல்லுதியளே! தேரிக்குள்ளயா போறிய, அந்தச் செம்மணல் மேட்டுக்கா? சினிமாவா? ஓ, கல்யாணப் போட்டோவா. மாப்பிள்ளை யாரு, அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரரா? கோட்டு சூட்டை இப்பவே மாட்டிவிட்டுட்டியளே, பாவம். அந்த வேப்பமரத்து நெழல்ல நிக்கச் சொல்லுங்க. பொண்ணுக்கு மோர் வேணும்னா உள்ள பானையில இருக்கு.

அப்பா உடன்குடிக்கு டியூப் வாங்கப் போயிருக்காவ. பொம்பளைப் பிள்ளை ஒட்டுவாளான்னு யோசிக்காதிய. நான் நடக்கப் படிச்சதே இந்த டயரைப் பிடிச்சுத்தான். பேரு சுயம்புக்கனி. அந்தா பழைய லாரி டயருக்குள்ள உக்காந்து தண்ணியில கப்பல் விடுதாளே, அவ என் மவ வர்ஷினி. ஏட்டி, டியூப் முக்குத தண்ணிட்டி அது, மொண்டு குடிச்சிராத!

போனையே பாத்துக்கிட்டு இருக்கேன்னு தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி. இன்னைக்கு ஒரு போன் வரணும். எங்க வீட்டுக்காரவுக ஆஸ்திரேலியாவுல, பாலைவனத்துல வண்டி ஓட்டிக்கிட்டு இருக்காவ. இன்னைக்குத்தான் கடைசி மேடு, எல்லாத்துலயும் பெரிசு. அதை ஏறி இறங்குனா ஒரு குட்டி ஊரு வரும், அங்கதான் டவரு. ஏறிட்டாவன்னா வேலை நிரந்தரம். ஏறலைன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு இங்க வந்து என்கூட உக்காந்து பஞ்சர் ஒட்ட வேண்டியதுதான். விசா அந்த வேலையோட ஒட்டிக்கிட்டு இருக்கு, இந்த ஒட்டு மாதிரி.

போன வருசமே முடிஞ்சிருக்க வேண்டிய காரியம். அவிய வாயில்லாததுனால போச்சு. காத்தைக் கொறைன்னு நீங்க சொன்னதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துட்டு. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க, சொல்லுதேன். ஒட்டு காயணும்லா.

அங்க நட்ட நடு நாட்டுல ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்னு ஒரு ஊரு. ரஸ்ஸல்னு ஒரு வெள்ளைக்காரரு, ரெண்டு பெரிய ஜீப்பு வச்சிருக்காரு. ஒரு தடவைக்கு ஏழெட்டுப் பேரு, அதுக்கு மேல ஏத்தமாட்டாரு. பாலைவனத்தை இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுவாரு. அங்க என்ன இருக்குன்னு கேக்கியளா? நானும் அதைத்தான் கேட்டேன். ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லாததைப் பாக்கத்தான் காசு குடுத்து வாராவ.

எங்க வீட்டுக்காரவுக அவருட்ட மெக்கானிக்காப் போனாவ. கூடவே சமையலும். ரெண்டாவது ஜீப்பை ஓட்டுனவன் வேலையை விட்டுட்டுப் போயிட்டான். உடனே ரஸ்ஸல், "லிங், இந்தத் தடவை நீ ஓட்டு. அந்தக் கரை வரைக்கும் ஒழுங்கா கொண்டாந்துட்டேன்னா வண்டி உன்னுது. இல்லைன்னா நான் வேற ஆளு பாக்கணும்"ன்னாரு. அவிய பேரு லிங்கத்துரை. முழுசாச் சொல்ல அவருக்கு நாக்கு வராது. வண்டியில சீட்டு காலியா இருக்கு, பொண்டாட்டி பிள்ளையையும் கூட்டிக்கோன்னும் அவரேதான் சொன்னாரு. நல்ல மனுசன்தான். மனுசனைக் குத்தம் சொல்லல.

எங்க வண்டியில ஒரு வயசான தம்பதி, கென்னு, டோரத்தின்னு. டோரத்தியம்மா வர்ஷினிக்கு மிட்டாயாக் குடுத்துக் குடுத்தே பழக்கிட்டாவ. எனக்குப் பன்னெண்டாப்பு வரைக்கும் சாத்தான்குளத்துத் தமிழ் மீடியம். அந்தம்மா இங்கிலீஷ் பேசும், நான் தலையை ஆட்டுவேன். நான் தமிழ் பேசுவேன், அந்தம்மா தலையை ஆட்டும். ஒரு சண்டை வரல பாத்துக்கிடுங்க.

மண்ணு நம்ம தேரி மண்ணுதான். அதே செவப்பு. ஆனா நம்ம தேரியில எங்க நின்னாலும் ஒரு பனையாவது தெரியும். அங்க மேட்டுக்குப் பின்னால மேடு, அதுக்குப் பின்னால இன்னொரு மேடு. வண்டி மூக்குல நெட்டக் கம்புல ஒரு கொடி கட்டியிருப்பாவ. கோயில் கொடைத் திருவிழாவா நடக்குன்னு கேட்டேன். எதுத்தாப்புல மேட்டுக்கு அந்தப் பக்கம் வாரவனுக்கு வண்டி தெரியாது, கொடிதான் தெரியும், இல்லைன்னா உச்சியில மூக்கோட மூக்கு முட்டிக்கிடும்னு சொன்னாவ. கேட்டதுல இருந்து என் கண்ணு அந்தக் கொடியை விட்டு நகரல.

மேட்டை ஏறுதது ஒரே மூச்சுல ஏறணுமாம். நடுவுல நின்னுட்டா, வந்த வழியே நேரா பின்னாடி இறங்கணும். ஸ்டியரிங்கைத் திருப்பினா வண்டி குறுக்கால வந்துரும். குறுக்கால வந்தா உருளும். அவிய எனக்குச் சோத்துத் தட்டைச் சாய்ச்சுக் காட்டிச் சொன்னாவ. பருப்பு பூராவும் ஒரு பக்கம் வந்துட்டு.

சரி, விசயத்துக்கு வாரேன். அந்தப் பெரிய மேடுகளெல்லாம் ஆரம்பிக்கதுக்கு முந்தின சாயங்காலம், நான் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்கேன். புஸ்ஸுன்னு ஒரு சத்தம். பாம்புதான்னு பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வண்டிக்குள்ள பாஞ்சுட்டேன். அவிய டயர்ப் பக்கம் குனிஞ்சு நின்னுக்கிட்டு, "ஒண்ணுமில்ல கனி, வேலை பாக்கேன்"ன்னாவ. எட்டியெட்டிப் பாக்கேன், பாம்பு ஒண்ணும் இல்ல. சரின்னு விட்டுட்டேன்.

மறுநாள் விடியுதப்ப ரஸ்ஸல் எல்லாரையும் தன் வண்டியில அள்ளிப் போட்டுக்கிட்டு, சூரியன் உதிக்கதைக் காட்டப் பக்கத்து மேட்டுக்குப் போயிட்டாரு. எங்க வீட்டுக்காரவுகளும் டீக் கேனைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே போயிட்டாவ. பாப்பா தூங்குதா, நான் மட்டும் இருக்கேன். எங்க வண்டியைச் சுத்தி வாரேன். அண்ணாச்சி, என் கண்ணால பாக்க முடியல. நாலு டயரும் சப்பையா, அப்பளம் மாதிரி மண்ணுல பரந்து கிடக்கு!

எங்கப்பாவுக்கு ஒரு கொள்கை உண்டு. காத்துக் கொறைஞ்ச வண்டி இந்தக் கடையை விட்டு இறங்கப்படாது. போணி ஆகலைன்னாலும் சரி, சும்மாவாவது அடிச்சு விட்டுருவாவ. காத்தில்லாம வண்டியை அனுப்புதது, வீட்டுக்கு வந்தவனைப் பட்டினியா அனுப்புத மாதிரின்னு சொல்லுவாவ. அப்படி வளந்தவ நான். இன்னைக்கு என் புருசனுக்குப் பரீட்சை. வேலை அலைச்சல்ல டயரைப் பாக்க மறந்துட்டாவ. ரஸ்ஸல் கண்ணுல பட்டா என்ன நெனைப்பாரு? மெக்கானிக்குன்னு சொல்லிக்கிட்டு நாலு டயரும் சப்பையா வச்சிருக்கானேன்னு நெனைக்கமாட்டாரா?

வண்டியில பேட்டரியில மாட்டுத பம்ப்பு இருந்துச்சு. மாட்டினேன். அடிச்சேன். ஒவ்வொண்ணுக்கும் குனிஞ்சு குனிஞ்சு முதுகு ஒடிஞ்சு போச்சு, ஆனா ஒவ்வொரு டயரும் எந்திச்சு நிக்க நிக்க மனசுக்கு என்ன ஒரு சந்தோசம்ங்கிய! தட்டிப் பாத்தேன். கல்லு. பம்ப்பைத் தொடைச்சு, எடுத்த இடத்துலயே வச்சிட்டேன். சொல்லிக் காட்டணும்னு தோணல. வேலை முடிஞ்ச பொறவு சொல்லிக்கிடலாம், சந்தோசப்படட்டும்னு நெனைச்சேன்.

அவிய வந்ததும் பாத்திரத்தை ஏத்தி, பெட்டியை ஏத்தி, ஒரே ஓட்டம். ரஸ்ஸல் வண்டி முன்னால போச்சு. முதல் மேடு சின்னது. அதுக்கே எங்க வண்டி மூச்சு வாங்குச்சு. ரெண்டாவது மேட்டுல ரஸ்ஸல் சறுக்கிக்கிட்டே ஏறி, உச்சியில கொடி ஒரு ஆட்டு ஆடி, அந்தப் பக்கம் மறைஞ்சிட்டாரு. வயர்லெஸ்ஸுல "வா லிங்"ன்னு குரல் மட்டும் வருது.

அவிய போனாவ. முக்கால் மேடு ஏறிச்சு. சக்கரம் சுத்துது, மண்ணு பறக்குது, வண்டி நகரல. நேரா பின்னாடி இறக்கினாவ. மறுபடி போனாவ. இன்னும் கொஞ்சம் மேல ஏறிச்சு. நின்னுட்டு. மறுபடி பின்னாடி. வயர்லெஸ்ஸுல ரஸ்ஸல் என்னமோ கேக்காரு, இவிய "ட்ரையிங், ட்ரையிங்"ங்காவ. பின்னங்கழுத்துல வேர்வை ஓடுது. ஏசி போட்டிருக்கு அண்ணாச்சி, வண்டிக்குள்ள குளிருது, அவியளுக்கு மட்டும் வேர்க்குது. கென்னு தாத்தா முன்னால உக்காந்து கைப்பிடியை விடவே இல்ல. டோரத்தியம்மா என் கையைப் பிடிச்சிருக்காவ. என் வளையலெல்லாம் அந்தம்மா கைக்குள்ள நெரியுது.

"இன்னொரு தடவை"ன்னாவ, யாருட்டயும் இல்லாம.

மூணாவது தடவை உச்சி கைக்கெட்டுத தூரம். வானம் தெரியுது. அப்பம் பின்சக்கரம் ரெண்டும் வழுக்கிட்டு. வண்டி பின்பக்கம் மெல்ல, ரொம்ப மெல்ல, பக்கவாட்டுல போகுது. சோத்துத் தட்டு மாதிரியே சாயுது. என் பக்கத்துக் கண்ணாடியில வெறும் வானம். பாப்பா உக்காந்திருந்த பக்கத்துக் கண்ணாடியில வெறும் மண்ணு.

"அம்மா, வண்டி படுக்கப் போகுதா?"ங்கா.

அவிய திரும்பல. "யாரும் அசையாதிய"ன்னாவ. பொறவு இங்கிலீஷுலயும் சொன்னாவ. எங்கிட்ட, "கனி, பாப்பா பெல்ட்டைக் கழட்டு. மெதுவா. உன் பக்கம் இழு. மெதுவாட்டி" — அந்தக் குரலை நான் அதுக்கு முன்னால கேட்டதில்ல. கல்யாணம் ஆனதுல இருந்து கேட்டதில்ல.

நான் இழுக்கேன். பெல்ட்டு வரமாட்டேங்கு. அந்தப் பக்கம் டயருக்கு அடியில மண்ணு சரசரன்னு இறங்குத சத்தம் கேக்குது. அதுக்கு நடுவுல இன்னொரு சத்தம், மேட்டுக்கு அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம். எதுத்து வேற யாரோ வாரான்! வயர்லெஸ்ஸுல ரஸ்ஸல் கத்துதாரு, எங்களுக்கு இல்ல, அவனுக்கு. "ஸ்டாப், ஸ்டாப், ஸ்டாப்"ன்னு. அந்த ஒரு வார்த்தை எனக்கு நல்லா புரிஞ்சிச்சு. எங்க சுயம்புலிங்க சாமி பேரைச் சொல்லி ஒரு இழு இழுத்தேன், பெல்ட்டு வந்துட்டு. பிள்ளை என் மடியில. எஞ்சின் சத்தமும் நின்னுட்டு.

பிள்ளை மடிக்கு வந்ததும் எனக்குத் தெம்பு வந்துட்டு. அவிய முதுகைப் பாக்கேன், சட்டை நனைஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. பாவமா இருந்துச்சு. நாலு நல்ல வார்த்தை சொல்லுவோம்னு, "ஏங்க, பயப்படாதிய. டயரைப் பத்திக் கவலையே வேண்டாம். காலையில நீங்க டீ கொண்டு போனப்ப நாலுலயும் காத்து அடிச்சு விட்டுட்டேன். கல்லு மாதிரி இருக்கு"ன்னேன்.

அப்பந்தான் கண்ணாடியில என்னைப் பாத்தாவ. ஒரு பார்வை. கோவமும் இல்ல, அழுகையும் இல்ல. "சரி கனி"ன்னாவ. அவ்வளவுதான். அவியளுக்கும் தெம்பு வந்துட்டுன்னு எனக்குத் தெரிஞ்சிட்டு.

மேல் பக்கத்துக் கதவு வழியா ஒவ்வொருத்தரா இறங்கினோம். முதல்ல பாப்பாவும் நானும், பொறவு டோரத்தியம்மா, பொறவு கென்னு. அவிய கடைசி வரைக்கும் பிரேக்குல காலை வச்சுக்கிட்டு உள்ளயே இருந்தாவ. வண்டி உருண்டா தனியாத்தான் உருளணும்னு. நாங்க மண்ணுல நிக்கோம். ரஸ்ஸல் உச்சியில இருந்து ஓடியாந்து, கயித்தைக் கட்டி, தன் வண்டியில இழுத்துப் பிடிச்ச பொறவுதான் அவிய இறங்கினாவ. இறங்குனதும் பாப்பா தலையை ஒரு தடவை தடவுனாவ.

இனிமேதான் அண்ணாச்சி என் வயித்தெரிச்சல். ரஸ்ஸல் வண்டியைச் சுத்தி வந்தாரு. டயரைக் கட்டை விரலால அமுக்குனாரு. மீட்டரை வச்சுப் பாத்தாரு. ரெண்டாவது டயர், மூணாவது டயர். எந்திச்சு நின்னு, தொப்பியைக் கழட்டிட்டு, இவியளைப் பாத்து ஏதோ கேட்டாரு. எனக்குப் புரிஞ்சது "டயர்"ங்கிற வார்த்தை மட்டும்.

எனக்குன்னா சந்தோசம். ஆஹா, மனுசன் டயரைப் பாராட்டுதாருன்னு நெனைச்சு, "டயர் குட், சார்! ஐ..."ன்னு நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு முன்னால போறேன். அவிய சட்டுன்னு என் கையைப் பிடிச்சாவ. பிடிச்ச பிடியில வளையல் ரெண்டு உடைஞ்சு போச்சு. திருச்செந்தூருல வாங்குன வளையல். பிடியை விடாமலே ரஸ்ஸல்ட்ட, "மை மிஸ்டேக்"ன்னாவ. "ஐ ஃபர்காட். மை மிஸ்டேக்."

என்ன மிஸ்டேக்கு அண்ணாச்சி? வண்டி ஏறலைன்னா வண்டி மிஸ்டேக்கு. இல்ல, அந்த மேட்டைக் காட்டிக் கூட்டிட்டு வந்த ரஸ்ஸல் மிஸ்டேக்கு. எல்லாம் சரியா இருந்த வண்டிக்கு இவிய எதுக்கு மிஸ்டேக்கு சொல்லணும்? டயர் கல்லு மாதிரி இருக்கு, வீட்டுல பொம்பளையே பாத்துப் பாத்து அடிச்சா சார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு மெச்சியிருப்பாரா மாட்டாரா? வாயைத் திறக்கணும்லா! எங்க மாமியார் அப்பவே சொன்னாவ, எம்மவன் வெளியில ஒரு வார்த்தை பேசமாட்டான், நீதான் பேசணும்னு. பேச விட்டாவளா?

ரஸ்ஸல் பொறவு செஞ்ச வேலையைக் கேளுங்க. நாலு டயர்லயும் காத்தைப் பிடுங்கி விட்டாரு. புஸ்ஸு, புஸ்ஸுன்னு. நான் காலையில முதுகு ஒடிய அடிச்ச காத்து! என் கண்ணு முன்னாலயே! சமையல் பெட்டி, தண்ணி கேனு எல்லாத்தையும் இறக்கச் சொன்னாரு. இறக்குன பொறவு வெறும் வண்டியை அவரே ஓட்டிக்கிட்டு ஒரே மூச்சுல மேல போயிட்டாரு. ஆளையும் பெட்டியையும் இறக்கிட்டா எந்த வண்டிதான் ஏறாது? அதை ஒருத்தரும் யோசிக்கல. எல்லாரும் கையைத் தட்டுதாவ. கென்னு தாத்தா கூட.

அதோட வண்டி போச்சு. மீதி வழி பூரா ஒவ்வொரு மேட்டுக்கும் ரஸ்ஸல் திரும்ப நடந்து வந்து ஓட்டுனாரு. ஊருக்கு வந்ததும், "லிங், இந்த சீசன் நீ சமையலைப் பாரு. அடுத்த வருசம் இன்னொரு தடவை பாப்போம்"ன்னாரு. அடுத்த தடவை இப்படி ஆச்சுன்னா அதோட சரி, அதையும் சொல்லிட்டாரு. ஒரு வருசம் அண்ணாச்சி! வண்டி ஓட்டத் தெரிஞ்ச மனுசன் ஒரு வருசம் வெங்காயம் உரிச்சாவ.

நான் விட்டேனா? சோறு வடிக்கையில கேட்டேன், எதுக்கு அப்படிச் சொன்னியன்னு. அவிய பொறுமையா, "கனி, மணல்ல டயரு பரந்து நிக்கணும். ஒட்டகத்துப் பாதம் மாதிரி. கல்லா இருந்தா தோண்டிக்கிட்டு உள்ள போயிரும்"ங்காவ. யாருட்ட? பஞ்சர் கடைக்காரன் மவட்ட! "ஒட்டகத்துக்கு எங்கப்பா இதுவரைக்கும் பஞ்சர் ஒட்டினதில்ல"ன்னேன். அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பிச்சாவ. கண்ணுல தண்ணி வர, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்காவ. பதில் இல்லைன்னா ஆம்பளைய சிரிச்சு மழுப்பிருவாவ, உங்களுக்குத் தெரியாததா? ஆனா மறுநாள் பாக்கேன், அந்தப் பம்ப்பை இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டுப் போட்டுட்டாவ. சாவி இடுப்புல. பாலைவனத்துல யாரு அண்ணாச்சி வந்து பம்ப்பைத் திருடப் போறா?

இந்த வருசம் சீசன் தொடங்குனதும், "கனி, நீ ஊருக்குப் போய் அப்பாகூட இருந்துட்டு வா. வெயிலு பாப்பாவுக்கு ஒத்துக்கிடாது"ன்னு டிக்கெட்டைப் போட்டுட்டாவ. அங்க இப்பக் குளிர்காலம், ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத் திரியுதாவ. அதையும் நான் கேக்கல. பிள்ளை மேல பாசம்.

இந்தா, ஒட்டு காஞ்சிட்டு. தண்ணியில முக்குதேன், பாருங்க, ஒரு காத்து முட்டை வரல. டயருக்குள்ள தள்ளுத வரைக்கும் அந்தக் கம்பியைப் பிடிங்க அண்ணாச்சி. ம், அப்படித்தான். அங்க இப்பச் சாயங்காலம் ஆகியிருக்கும். ஏறியிருந்தா இந்நேரம்... காலையில இருந்து எனக்குக் கஞ்சி இறங்கல. சிரிச்சுப் பேசுதேன்னு பாக்காதிய. கொடி ஆடுதது கண்ணுக்குள்ளயே நிக்கி. வண்டி சாயும்லா, அந்தச் சரசர சத்தம் கேக்குது. இந்தத் தடவையும் கடைசி வரைக்கும் உள்ளயே உக்காந்திருப்பாவ. அந்த மனுசனை எனக்குத் தெரியாதா?

போனு! ஏட்டி வர்ஷினி, கை ஈரத்தோட தொடாத! கொண்டா இங்க.

அல்லோ! ஏங்க? கேக்குதா? சத்தமாப் பேசுங்க... ஏறியாச்சா? எல்லாமா? அந்தப் பெரிசா? ஒரே தடவையிலயா! சாமி... ரஸ்ஸல் என்ன சொன்னாரு? கை குடுத்தாரா? கைய மட்டுமா குடுத்தாரு, சாவியக் குடுத்தாரா?... சரி, அதைச் சொல்லுங்க, காத்துப் பாத்தியளா?... ம்... ம்... சரி. பாப்பாட்ட குடுக்கேன், பேசுங்க. அழல, பஞ்சர் ஒட்டுத சொல்யூசன் நெடி.

பாத்தியளா அண்ணாச்சி! விடிஞ்சதும் முதல் வேலையா நாலு டயரையும் தொட்டுத் தொட்டுப் பாத்தாவளாம். வண்டியில ஏறுததுக்கு முன்னால மறுபடியும் பாத்தாவளாம். ஒவ்வொரு மேட்டுக்கும் இறங்கி இறங்கிப் பாத்தாவளாம். இங்க இருந்தே எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொல்லிருப்பேன், காத்தைப் பாத்துக்கோங்க, காத்தைப் பாத்துக்கோங்கன்னு. ஒரு வருசம் கழிச்சாவது பொண்டாட்டி சொல்லு காதுல ஏறியிருக்கு.

காசு இன்னைக்கு வேண்டாம். நல்ல சேதி வந்த நேரத்துல நிக்கிய, சும்மா போங்க. பொண்ணு மாப்பிள்ளையை ஏறச் சொல்லுங்க.

நீங்க கொறைக்கச் சொன்னிய. பேச்சு வாக்குல நாலுலயும் ரெண்டு பாயிண்டு கூடவே வச்சிட்டேன். தட்டிப் பாருங்க, கல்லு! எதுக்கு அப்படி முழிக்கிய? தேரி என்ன, எந்தப் பாலைவனத்துக்கும் போகலாம். ஒருவேளை எங்கயாவது மாட்டிக்கிட்டியன்னா, அந்தா போர்டுல அப்பா நம்பர் இருக்கு. டிராக்டரு வச்சிருக்காவ, வந்து இழுத்துருவாவ. தேரிக்குள்ள போற ஜீப்பை வாரத்துக்கு ஒண்ணாவது இழுத்துட்டுத்தான் வாராவ. ஓட்டத் தெரியாமப் போய் மாட்டிக்கிடுதாவ அண்ணாச்சி, டயர் எல்லாம் நம்ம கடையில காத்தடிச்ச டயருதான்.